குட்டிச் சொல்லைக் கைவிடாதீங்க!

எனக்கு ஒரு மார்க் போன கதையோடு ஆரம்பிக்கிறேன்.

போன ஆங்கிலத் தேர்வில் 'கிராண்ட்மதர் லுக்ஸ் ஆஃப்டர் தி பேபி' என்ற வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்லியிருந்தாங்க. நான் 'தி பேபி இஸ் லுக்ட் பை கிராண்ட்மதர்' என்று எழுதினேன். பேப்பர் கொடுத்தபோது பார்த்தால், எங்க பெஞ்சில் அஞ்சு பேரில் நாலு பேருக்கு அதே தப்பு. அஞ்சாவது ஆள் அந்தக் கேள்வியையே எழுதலை! ஒரே தப்பு நாலு பேருக்கு வந்தால் நாலு பேரும் மக்கு என்று அர்த்தம் இல்லை. அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். அதைத்தான் யோசிச்சுப் பார்த்தேன்.

நாம மனப்பாடம் பண்ணின சூத்திரம் என்ன? பின்னாடி இருப்பதை முன்னாடி போடு, முன்னாடி இருப்பதைப் பின்னாடி போடு, நடுவில் 'பை' சேர். அப்படிச் செய்தால் 'ஆஃப்டர்', 'பை' இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிக்குது. 'லுக்ட் ஆஃப்டர் பை' என்று பார்த்ததும் நமக்குப் பயம். ரெண்டில் ஒண்ணு அதிகப்படி என்று நினைக்கிறோம். 'பை' சூத்திரத்திலேயே இருப்பதால் அதைத் தொட மாட்டோம். பாவம், 'ஆஃப்டர்' தான் வெளியே போகுது.

ஆனால் அந்த ஆஃப்டர் சும்மா ஒட்டிக்கிட்டு வந்த சொல் இல்லை. 'ஆயா குழந்தையைப் பார்த்தாங்க' என்பதும், 'ஆயா குழந்தையைப் பார்த்துக்கிட்டாங்க' என்பதும் ஒண்ணா? எங்க அம்மா பாவு சுத்தப் போனபோது என் தம்பியை ஆயாதான் பார்த்துக்கிட்டாங்க. வெறுமனே பார்த்ததோடு விட்டிருந்தால் அவன் என்னைக்கோ திண்ணையிலேர்ந்து உருண்டிருப்பான்! 'லுக்' வேற, 'லுக் ஆஃப்டர்' வேற. ரெண்டு சொல் சேர்ந்து ஒரே வினை.

தமிழில் நாம இந்தத் தப்பைச் செய்யவே மாட்டோம். 'ஒத்திவை' என்பது 'ஒத்திவைக்கப்பட்டது' ஆகும். யாராவது ஒத்தியை விட்டுட்டு 'தேர்வு வைக்கப்பட்டது' என்று சொல்வாங்களா? சொன்னால் அர்த்தமே தலைகீழாயிடும். 'கைவிடப்பட்டது' என்பதில் கையை எடுத்தால் 'விடப்பட்டது' தான் மிஞ்சும். 2020-ஆம் வருஷம் கொரோனா வந்தபோது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முதலில் தள்ளி வைச்சாங்க, அப்புறம் ஜூன் 9-ஆம் தேதி ரத்து என்று அறிவிச்சாங்க. முதலில் நடந்தது 'வாஸ் புட் ஆஃப்', பிறகு நடந்தது 'வாஸ் கால்டு ஆஃப்'. ஆஃபை விட்டால் இரண்டு செய்தியும் போச்சு.

நம்ம ஊரிலேயே உதாரணம் நிறைய இருக்கு. அறிஞர் அண்ணா 1909-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். அவரை வளர்த்தது அவருடைய சிற்றன்னை. ஆங்கிலத்தில் 'அண்ணா வாஸ் பிராட் அப் பை ஹிஸ் ஆன்ட்'. இதில் அப்பை விட்டால், அண்ணாவைச் சித்தி எங்கேயோ கூட்டிட்டு வந்தாங்க என்று ஆயிடும்! 2019-இல் அத்திவரதரைக் குளத்திலிருந்து எடுத்து, ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் வைச்சாங்களே, ஞாபகம் இருக்கா? நான் சின்னப் பொண்ணு, ஆயா புடவையைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில் நின்னேன். 'அத்திவரதர் வாஸ் டேக்கன் அவுட் ஆஃப் தி டேங்க்'. ஆகஸ்ட் 17-இல் 'வாஸ் புட் பேக்'. அவுட்டை விட்டுட்டு 'வாஸ் டேக்கன்' என்று மட்டும் எழுதினால், சாமியையே யாரோ தூக்கிட்டுப் போன மாதிரி இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா வினையையும் இப்படி மாத்த முடியாது. தறி தானாக ரிப்பேர் ஆனால் 'தி லூம் ப்ரோக் டவுன்' தான். 'வாஸ் ப்ரோக்கன் டவுன்' என்று எழுதக்கூடாது. எதை, யாரை என்று கேட்டால் பதில் வரும் வினைக்குத்தான் செயப்பாட்டு வினை உண்டு.

எங்க அப்பா கோர்வைப் புடவை நெய்கிறார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூணு நாடா ஓடும். ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் கோர்த்துக்கணும். "கோர்வை விட்டுப்போச்சுன்னா கரை தனியா, உடல் தனியா வந்துடும்மா" என்பார். லுக்கும் ஆஃப்டரும் அப்படித்தான். புடவையைப் புரட்டிப் போட்டாலும் கோர்வை பிரியக்கூடாது.

சரி, அப்போ எதை விடலாம்? 'பை' யை விடலாம்! ஒருமுறை ஒரு கடையிலிருந்து அப்பா நெய்த புடவை திரும்பி வந்தது. சீட்டில் 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று ஒரே வரி. யார் பார்த்தாங்க, யார் வேணாம்னாங்க, ஒண்ணும் இல்லை. அப்பா அந்தச் சீட்டை ரெண்டு தடவை படிச்சுட்டுப் பேசாமல் மடிச்சு வைச்சார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வாக்கியம் புரிஞ்சுது. செஞ்சவங்க பேரை மறைச்சாலும் செயப்பாட்டு வினை நிக்கும். வினையைப் பாதியாக வெட்டினால் நிக்காது. நாம தேர்வில் விடக்கூடியதை வைச்சுக்கிட்டு, விடக்கூடாததை விட்டுடறோம்.

"ஒரு மார்க் தானே, போனா போகட்டும்" என்று சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மார்க் போனது எனக்குப் பெரிசில்லை. அன்னையிலேர்ந்து ஆங்கிலம்னாலே எங்க பெஞ்சில் யாரும் கை தூக்கறதில்லை. அதுதான் பெரிசு.

அதனால் ஆசிரியர்களிடம் பணிவான ஒரு வேண்டுகோள். மாற்று என்று சொல்றதுக்கு முன்னாடி, 'இதில் வினை எத்தனை சொல்?' என்று ஒரு கேள்வி கேளுங்க. தோழிகளே, வினையையும் அதன் குட்டிச் சொல்லையும் சேர்த்து ஒரே கட்டம் போடுங்க. அப்புறம் கட்டத்தோடு தூக்கி வைங்க. எழுதி முடிச்சதும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்க. அர்த்தம் மாறியிருந்தால் எதையோ விட்டிருக்கோம்.

அடுத்த தேர்வில் எங்க பெஞ்சில் அஞ்சு பேரும் சரியாக எழுதுவோம். பார்த்துக்கிட்டே இருங்க!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி