முறிந்த முந்திரிக்கு யார் கணக்கு எழுதுவது?

கேள்வி: "காடாம்புலியூர் பக்கம் எங்களுக்கு இரண்டரைக் காணி முந்திரி. தாத்தா வைத்த மரமெல்லாம் தானே புயலில் போய்விட்டது. பிறகு அப்பா ஒட்டுக்கன்று வைத்தார். பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. அடங்கலில் தரிசு என்று எழுதியிருக்கிறது. நாளைக்கு இன்னொரு புயல் வந்தால் யாரிடம் போவது? பஞ்சாயத்திலா, வி.ஏ.ஓ.விடமா, விவசாய ஆபீசிலா?"

பதில்: பண்ருட்டி வட்டாரத்தில் இந்தக் கேள்வியைப் பலரும் புயல் அடித்த மறுநாள்தான் கேட்கிறார்கள். இந்த வாசகர் முன்கூட்டியே கேட்டிருக்கிறார். அதிலேயே பாதி வேலை முடிந்தது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. கடல் கண்ணுக்கே தெரியாத செம்மண் மேட்டுநிலம் காடாம்புலியூர். புயல் என்றால் அது மீனவர் பாடு என்று அதுவரை இருந்த ஊர். அன்று பண்ருட்டியிலிருந்து குறிஞ்சிப்பாடி வரை முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன, பலா மரங்கள் நடுவில் பிளந்தன. முந்திரி துளிர்விட்டுப் பூவெடுக்கத் தயாராகும் நேரம் அது. அந்த ஆண்டு மகசூல் மட்டும் போகவில்லை. தோப்பில் கொட்டை பொறுக்கியவர்களுக்கும், வீட்டு வாசலில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக் கை கறுத்த பெண்களுக்கும் கூலி போயிற்று. காய்ப்புக் குத்தகைக்கு முன்பணம் கொடுத்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அடுத்து வந்தது கணக்கெடுப்பு. கடற்கரை ஊரில் படகுக்குப் பதிவு எண் உண்டு. படகு உடைந்தால் அந்த எண்ணைக் காட்டலாம். முந்திரி மரத்துக்கு அப்படி எண் கிடையாது. அதற்கு உள்ள ஒரே பதிவு அடங்கல். அதில் 'தரிசு' என்றிருந்தால், சர்க்கார் கணக்கில் அங்கே மரமே இல்லை. இல்லாத மரம் விழவும் விழாது.

இனி யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. அதை எழுதுகிறவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் வருவாய்த் துறை, அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர். முந்திரியும் பலாவும் தோட்டக்கலைத் துறைப் பயிர்கள். வேளாண்மை உதவி அலுவலரிடம் மனு கொடுத்தால், நல்ல மனிதராக இருந்தால் தோட்டக்கலை அலுவலகத்துக்கு வழிகாட்டுவார், இல்லையென்றால் மனு மேசையிலேயே கிடக்கும். புயல் சேதத்தை எடுப்பது வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்துதான். ஒருவர் நிலத்தையும் உரிமையையும் பார்க்கிறார், மற்றவர் பயிரையும் சேத அளவையும் பார்க்கிறார். இரண்டு பதிவும் ஒத்துப்போக வேண்டும்.

ஊராட்சிக்கு இதில் எழுத்து அதிகாரம் இல்லை. இது பலருக்குத் தெரியாததால் தலைவர் வீட்டு வாசலில் சண்டை நடக்கிறது. குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச்சாலை, குட்டை, சாலையில் விழுந்த மரத்தை அகற்றுவது ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. ஏரியிலும் ஒரு பிரிவினை உண்டு. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையைச் சேர்ந்தது. இது தெரியாமல் தவறான வாசலில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்ற ஊர்கள் உண்டு.

ஆனால் ஊராட்சி எதற்கும் உதவாது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் கையில் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. தென்னார்க்காட்டைப் பிரித்துக் கடலூரைத் தனி மாவட்டமாக ஆக்கியதும் அதற்கு முந்திய ஆண்டு, 1993 செப்டம்பர் 30-இல்தான். புதிய மாவட்டமும் புதிய ஊராட்சி முறையும் ஏறக்குறைய ஒன்றாக வளர்ந்தவை. முன்பு ஆண்டுக்கு நான்கு கிராம சபை. இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு. 3,000-க்கு மேல் 10,000 வரை மக்கள் உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் குறைவெண் நிறைவு. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும் 200 பேரால் எந்தப் பயனும் இல்லை. "எங்கள் ஊராட்சியில் இன்னின்ன புல எண்களில் முந்திரி நிற்கிறது, அடங்கலில் தரிசு என்று உள்ளது, திருத்த வேண்டும்" என்று ஒரு தீர்மானம் ஏறிவிட்டால், அது தனி ஆளின் மனுவாக இருக்காது, ஊரின் எழுத்தாகிவிடும். வட்டாட்சியர் அதைப் புறக்கணிப்பது கடினம்.

ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. (இரண்டாவது நாள், தானே வந்த அதே தேதி.) அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபைக்குப் போவது வீண் என்று சிலர் சொல்கிறார்கள். கதவைத் தட்டினால் எழுந்து வர ஒரு தலைவர் இல்லாத நாளில்தான் தீர்மானப் புத்தகம் அதிகம் தேவைப்படும்.

இப்போது பணம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அப்போது அறிவித்த நிவாரணம் எக்டருக்கு இப்படி: பாசன நெற்பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய். சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இது கிடைக்கும். 2015 வரை 50 சதவீதம் என்றிருந்தது, அந்த ஆண்டுதான் குறைத்தார்கள். மத்திய அரசின் நெறிமுறைப்படி ஒருவருக்கு 2 எக்டர் வரைதான். அது சுமார் 5 ஏக்கர், தென்னார்க்காட்டுக் கணக்கில் நாலு காணிக்குச் சற்றுக் குறைவு.

வாசகரின் இரண்டரைக் காணிக்கு இந்த விகிதத்தில் சுமார் 30,000 ரூபாய் வரும். 7 மீட்டர் இடைவெளியில் எக்டருக்கு 204 மரம். வகுத்தால் ஒரு மரத்துக்கு 110 ரூபாய். முப்பது ஆண்டு காய்க்க வேண்டிய மரத்துக்கு இந்த விலை! ஏட்டில் இதன் பெயர் இழப்பீடு அல்ல, இடுபொருள் மானியம். அடுத்த சாகுபடிக்குக் கைகொடுக்கும் தொகை என்பதே அதன் பொருள். நெல்லுக்கு அது பொருந்தும். மீண்டும் காய்க்க மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும் முந்திரிக்கு அதே அளவுகோல் நியாயம் இல்லை. இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அங்கே பேச்சு பதிவாகும், பதிலும் எழுத்தில் வரும். அதுவரை, கிடைக்கும் 110 ரூபாயாவது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசகர் முதலில் செய்ய வேண்டியது பட்டா. தாத்தா பேரில் இருந்தால் பணம் யார் வங்கிக் கணக்குக்கும் போகாது. தாத்தாவின் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். பங்கு பிரியவில்லையென்றால் கூட்டுப் பட்டாவாகவாவது ஆகட்டும். அத்தைமார்களின் பெயரை மறைத்துவிட்டு வாங்கும் பட்டா பின்னால் வழக்காகத் திரும்பும். வேறொருவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. நிலக்காரர் மனம் கோணுமே என்று பெரும்பாலோர் பதிவதில்லை. நிவாரணம் பட்டாக்காரருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்தது அடங்கல். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கு முன் கோடையில் நடக்கும் ஜமாபந்தியில் திருத்த மனு கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. அதில் தம் புல எண்ணுக்கு எதிரே என்ன ஏறியிருக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். தோப்பை நாலு மூலையிலிருந்தும் தேதியோடு படம் எடுத்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

காற்றில் சாய்ந்த இளமரத்தை உடனே வெட்டிவிட வேண்டாம். பாதி வேர் மண்ணில் இருந்தால் கிளைகளைக் குறைத்து, நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை பூசினால் பிழைக்கும். புதிதாக நடுகிறவர்கள் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991-இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்றையே இன்றும் நம்பலாம். ஒன்று மட்டும் கவனம்: பையில் நாளாகி வேர் சுருண்ட கன்று மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது வளரும், காய்க்கவும் செய்யும், பெரிய காற்றில் முதலில் சாய்வதும் அதுதான்.

கேள்வி: "வரப்பில் நிற்கும் நாலு பலாவுக்கும் நிவாரணம் உண்டா?"

பதில்: நிவாரணம் எக்டர் கணக்கில் வருவதால் வரப்பு மரங்கள் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. மனுவில் மர எண்ணிக்கையைத் தனியாக எழுதிக் கொடுப்பது நல்லது. ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். பக்கத்திலேயே இப்போது மாற்று மரம் வைத்துவிடுவதுதான் வழி. விதைக் கன்று காய்க்க எட்டு ஆண்டு ஆகும், ஒட்டுக்கன்று ஐந்தாம் ஆண்டில் காய்க்கும். பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் பாலூர் 1 ரகம். அதே மண்ணில் பிறந்த மரம். கன்று இருப்பைப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தில் மழைக்கு முன்பே விசாரித்து வைக்கவும்.