ஒரே மைதானம், ஒரே பயிற்சி... அப்புறம்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போனால் பரங்கிமலை நிலையம் வரும். அந்தப் பகுதியில்தான் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. அங்கே 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள்.

பயிற்சி முடித்த ஆண், பெண் இருவருமே அதிகாரிகள்தான். ஆனால், தகுதியுள்ள ஆண்கள் சில ஆண்டுகளில் நிரந்தரப் பணிக்குப் போகலாம். பெரும்பாலான பிரிவுகளில் பெண்களுக்கு முன்பு அந்த வாய்ப்பே இருந்ததில்லை. 14 ஆண்டுகளோடு வேலை முடிந்துவிட்டது. ஓய்வூதியத்துக்கோ 20 ஆண்டுகள் தேவை!

பெண் அதிகாரிகள் நீதிமன்றம் போனார்கள். 'கிராமங்களிலிருந்து வரும் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்க மாட்டார்கள்' என்றது மத்திய அரசு. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17-ல் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, பெண்களுக்கும் நிரந்தரப் பணி வழங்க உத்தரவிட்டது.

பிரச்னை அதோடு தீரவில்லை. ஆண்களுக்கு இளம் வயதில் வைத்த உடல்தகுதி அளவையே, காத்திருந்து காத்திருந்து வயது கூடிப்போன பெண்களுக்கும் வைத்தார்கள். 'எல்லோருக்கும் ஒரே விதி' என்றால் நியாயம் போலத்தானே தெரிகிறது? ஆனால், 'இது மறைமுகமான பாகுபாடு' என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாய்ப்பைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு, வயதைக் காட்டித் தடுப்பது சரியா, சொல்லுங்கள்?

ஒருவரின் திறமையைப் பார்க்காமல், ஆணா பெண்ணா என்று மட்டும் பார்த்து வாய்ப்பை மறுப்பதே பாலினப் பாகுபாடு.

உங்கள் வகுப்பில் பெஞ்சு தூக்கப் பையன்கள், கோலம் போடப் பெண்கள் என்று பிரிப்பதுண்டா? யாருக்கு எது நன்றாக வரும் என்று கேட்டுப் பிரித்தார்களா? யோசித்துப் பாருங்கள், குட்டீஸ்!