பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதுமா?

"கருவியோட கம்பனி தந்த மென்பொருள் இருக்குத்தானே. பொத்தானை அழுத்தினால் அளவு வரும். பிறகேன் பைதனோட மினக்கெடுறாய்?"

மொன்றியலில் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்கிற தம்பி, தங்கச்சி, இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழும். கேட்டுத் தலையாட்ட வேண்டாம். நீங்களே கட்டளை எழுத முடியாத கருவி, கம்பனி விட்ட எல்லை வரைக்கும்தான் உங்களுக்குச் சொந்தம்.

அப்படி எவ்வளவு பெரிய மினக்கேடு? பைவீசா என்று ஒரு இலவச பைதன் லைப்ரரி இருக்கிறது. பெயரில்தான் வீசா, தூதரக வரிசையில் நிற்கத் தேவையில்லை. 'பிப் இன்ஸ்டால்' என்ற ஒரு வரியில் கணினிக்குள் வந்துவிடும். பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில். பைவீசா தனியே கருவியோடு கதைக்காது, அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு வேண்டும். நஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், கீசைட் போன்ற கம்பனிகளின் மூடிய அடுக்கைப் போடலாம். அல்லது பைவீசா-பை என்ற திறந்த அடுக்கைப் போடலாம். யூஎஸ்பி கருவி என்றால் பைவீசா-பையோடு பையூஎஸ்பியும் லிப்யூஎஸ்பியும் தேவை. லினக்ஸில் அனுமதி விதி ஒன்றும் எழுத வேண்டும். கம்பனி அடுக்கு என்றால், 64 பிட் பைதனுக்கு 64 பிட் அடுக்குத்தான் பொருந்தும். அவ்வளவுதான்.

பிறகு "நீ யார்?" என்று கேளுங்கள். நட்சத்திரக் குறி, ஐ, டி, என், கேள்விக்குறி. 1987இல் தரப்படுத்திய கேள்வி இது. தயாரித்தவர், மாதிரி, தொடர் இலக்கம், உள் மென்பொருளின் பதிப்பு என்று கருவி பதில் சொல்லும்.

இதற்கு ஏன் சண்டை பிடிக்கிறேன்? நல்ல ஒசிலஸ்கோப் இருபது வருடமும் உழைக்கும். விண்டோஸ் 7க்கான ஆதரவோ 2020 ஜனவரியோடு முடிந்தது. கம்பனி தன் பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸுக்கு மாற்றித் தராவிட்டால், பழுதே இல்லாத கருவி மூலைக்குப் போகும். கட்டளை தெரிந்தவரிடம் அதே கருவி தொடர்ந்து வேலை செய்யும்.

இன்னொன்று. கம்பனியின் திரையில் வருகிற வளைகோடு எத்தனை அளவுகளின் சராசரி? எங்கே மழுப்பப்பட்டது? உங்கள் ஆய்வேட்டில் நீங்கள் கையெழுத்து வைக்கிற எண் அது. "மென்பொருள் தந்தது" என்பது பதில் ஆகாது.

"கம்பனி மென்பொருள்தான் நம்பகமானது" என்பார்கள். சில வேலைகளுக்கு அது உண்மை, வேகமும் கூட. அதைப் பாவியுங்கள், ஆனால் அதற்கு அடிமையாக வேண்டாம். சில கம்பனிகள் கட்டளை மொழியையே மறைக்கின்றன. அங்கே குற்றம் அவர்களுடையது. பொதுப்பணத்தில் வாங்குகிற கருவியின் மொழி பொதுவில் இருக்க வேண்டும். வாங்க முதலே கேளுங்கள்: "கட்டளைப் பட்டியல் கையேட்டில் இருக்கிறதா?"

ரதர்போர்ட் 1898 முதல் 1907 வரை இந்த நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில்தான் வேலை செய்தார். அவர் பாவித்த கருவிகளை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்த கருவிகள் அவை. எங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் வராதபோது, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள், சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். "கம்பனி விடாது" என்று யாரும் கைகட்டி நிற்கவில்லை.

அந்த வீட்டுப் பிள்ளைகள் பொத்தானோடு நிற்கலாமா? பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, இந்தக் கிழமையே ஒரு மல்ட்டிமீற்றரில் தொடங்குங்கள். நிறுவிய ஒவ்வொரு படியையும், வந்த ஒவ்வொரு பிழைச் செய்தியையும் எழுதி ஆய்வுகூடத்தில் வையுங்கள். அடுத்து வருகிற பிள்ளைக்கு அது ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.