டிடிஎஸ் மீட்டருக்கு மூக்கு கிடையாது!

அடையாறு, கோட்டூர்புரம் பக்கம் ஆத்தங்கரையோரமா குடியிருக்கிற மகா ஜனங்களே, ஒரு கேள்வி. உங்க அபார்ட்மென்ட் சம்ப் தண்ணியில சாக்கடை கலந்திருக்கான்னு கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?

"எங்க வீட்ல டிடிஎஸ் 60 தான் சார்"னு சொல்லாதீங்க. அது இந்தக் கேள்விக்குப் பதிலே இல்ல. தண்ணியில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பார்த்து, கரைஞ்சிருக்கிற உப்பை ஒரு நம்பரா காட்டும் அந்த மீட்டர். அவ்ளோதான். ஈ.கோலை கிருமி அதுல தெரியாது. ஐ.எஸ். 10500 தர நிர்ணயப்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஓகே; வேற தண்ணி இல்லேன்னா 2000 வரைக்கும் விட்டுக்கொடுக்கிறாங்க. ஆனா ஈ.கோலை 100 மில்லியில ஒண்ணு கூட இருக்கக்கூடாது. எதுக்கு பயப்படணும்னு இதுலேயே தெரியலையா?

அடுத்தது, ஆர்.ஓ. விக்க வர்றவர் காட்டுற வித்தை. ரெண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்ததும் உங்க குழாய்த் தண்ணி செங்காவியா மாறும், அவரோட தண்ணி பளிச்னு இருக்கும். அய்யா, அது அழுக்கு இல்ல, அந்த இரும்புக் கம்பியே கரைஞ்சு வர்ற துரு! அவரோட தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்க. அதுவும் காவி கட்டிக்கும் :-)

ஆர்.ஓ. வேணாம்னு சொல்லல. போர் தண்ணி கரிச்சா அது வேணும்தான். ஆனா அது உங்க சமையல்கட்டுல ஒரு குழாய்க்கு மட்டும். பல் தேய்க்கிறது? காய் கழுவுறது? வாட்ச்மேனும் வீட்டு வேலை செய்யற அம்மாவும் குடிக்கிற கீழ்க்குழாய்? அதெல்லாம் அதே சம்ப் தானே! 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி சம்புக்குள்ள புகுந்ததை அதுக்குள்ள மறந்துட்டோமா? வெள்ளமே வேணாம். சப்ளை நின்னு குழாய் காலியா இருக்கும்போது, விரிசல் வழியா பக்கத்து சாக்கடை உள்ள கசியும்.

என்ன செய்யலாம்? எச்2எஸ் குப்பின்னு ஒண்ணு இருக்கு. 1982ல நம்ம நாட்டு விஞ்ஞானிகளே வெளியிட்ட முறை. குப்பியில தண்ணியை ஊத்தி ஒண்ணு ரெண்டு நாள் வீட்லயே வைக்கணும். நம்ம ஊர் வெக்கையே போதும். கறுத்துப் போச்சுன்னா சந்தேகக் கேஸ், உடனே லேபுக்கு போங்க. கறுக்கலேன்னாலும் அதுவே கடைசித் தீர்ப்பு இல்ல. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துலயே குடிநீர் பரிசோதனைக்கூடம் இருக்கு.

லிஃப்ட்டுக்கும் பெயின்ட்டுக்கும் லட்சக்கணக்குல தீர்மானம் போடுற அசோசியேஷன், வருஷத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும், தண்ணி டெஸ்ட்டுக்கு காசு ஒதுக்கட்டும். ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டட்டும். "ஃப்ளாட் விலை இறங்கிடும்"னு அதை மறைச்சு வைக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: விலை அப்புறம் ஏறும், டைஃபாய்டுல படுத்த குழந்தைக்கு அந்தக் கணக்கு புரியாது.

பதிவர் மக்களே, இந்த மாசம் உங்க வீட்டு சம்பை டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டைப் பின்னூட்டத்துல போடுங்க. டிடிஎஸ் நம்பர் மட்டும் வேணாம், ப்ளீஸ்!