“6 ஓவருக்கு எவ்வளவு வரும்டே?” - செஷன் பெட்டிங் எப்படி நடக்கிறது? மாட்டினால் யாருக்குத் தண்டனை?

ஐபிஎல் சீசனில் டாஸ் போட்டதும் நாகர்கோவில் டீக்கடைகளில் இந்தக் கேள்வி சாதாரணமாகக் காதில் விழும். பெரும்பாலும் வெறும் கிரிக்கெட் பேச்சுதான். சில நேரம் அது பெட்டிங் கணக்கு. யார் ஜெயிப்பார்கள் என்று இதில் பார்ப்பதில்லை. பவர்பிளே முடியும்போது ஸ்கோர் எத்தனை என்பதற்கு மட்டும் பணம் கட்டுவார்கள். இதற்குப் பெயர்தான் ‘செஷன்’.

எப்படி நடக்கிறது?

புக்கி இரண்டு எண் சொல்வார். உதாரணத்துக்கு 45-46. 46 வரும் என்று ஒருவர் ‘எஸ்’ சொல்கிறார், 45 வராது என்று இன்னொருவர் ‘நோ’ சொல்கிறார். ஆளுக்கு ஆயிரம் ரூபாய். 46 அல்லது அதற்கு மேல் வந்தால் முதலாமவருக்குப் பணம். 44 அல்லது அதற்குள் நின்றால் இரண்டாமவருக்கு. சரியாக 45 வந்தால்? இரண்டு பேருக்கும் போச்சு, 2,000 ரூபாயும் புக்கிக்கு. அந்த ஒரு ரன் இடைவெளியில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

ஏன் முதல் 6 ஓவர்?

அரை மணி நேரத்தில் ரிசல்ட் தெரிந்துவிடும். விட்டதைப் பிடிக்கணும் என்று 10 ஓவருக்குக் கட்டுவார்கள், அப்புறம் 15 ஓவருக்கு. செயலிகளில் ஒவ்வொரு பந்துக்கும் எண் மாறும். ஒரு மேட்ச்சுக்கு ஒரு பெட் என்பது ஒரே ராத்திரியில் பத்து, இருபது என்று ஆகிவிடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மேட்ச்சையே ஃபிக்ஸ் செய்ய பல பேர் வேண்டும். ஒரு ஓவருக்கு ஒரே ஒரு பவுலர் போதும். 2013 மே 16 அன்று ஸ்ரீசாந்த் உட்பட ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவரை டெல்லி போலீஸ் கைது செய்தபோது சொன்ன குற்றச்சாட்டு அதுதான்: ஒரு ஓவரில் 14 ரன்னுக்குக் குறையாமல் கொடுப்பதாகப் பேச்சு, இடுப்பில் சொருகிய டவல் சிக்னல். 2015-ல் நீதிமன்றம் மூவரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. ஆனால் அந்தப் புயலில்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 சீசன்களில் ஆடாமல் போனது.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதை. 9 இன்னிங்ஸில் முதல் 5-க்கு மட்டும் பெட் கட்டும் பழக்கம் அங்கே உண்டு. அது சுருங்கிச் சுருங்கி ஒற்றைப் பந்து வரை வந்துவிட்டது. 2025 நவம்பரில் கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் அணியின் கிளாசே, ஓர்டிஸ் என்ற இரு பிட்சர்கள் மீது பந்தை ‘செட்டிங்’ செய்து வீசியதாகக் குற்றப்பத்திரிகை. இருவரும் மறுக்கிறார்கள். மறுநாளே, ஒரு பந்துக்கு 200 டாலருக்கு மேல் பெட் கூடாது என்று உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. அதை மட்டும் கேட்டுவிட்டு “நமக்கு ஒண்ணும் வராது” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வரும். 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு சட்டப்படி, ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே விதிக்கலாம்.

குமரி மாவட்டத்துக்கு எல்லைக் கணக்கு புதிதல்ல. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. களியக்காவிளை தாண்டிப் பாறசாலை போனால் கேரள அரசே விற்கும் லாட்டரி. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் செயலியும் அதே மாதிரி என்று தோன்றலாம். ஆனால் பெட்டிங் செயலிக்கு அந்தப் பக்கமும் அனுமதி இல்லை.

சிறையைவிட அடிக்கடி நடப்பது வேறு. கட்டும் பணம் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கமிஷனுக்கு ஆசைப்பட்டு, கல்லூரிப் பையன்கள்கூடத் தங்கள் அக்கவுண்டைக் கொடுத்துவிடுகிறார்கள். மோசடிப் பணம் அதில் வந்து விழுந்ததாகப் புகார் வந்தால் முதலில் முடங்குவது அந்தக் கணக்குதான். ஏடிஎம்மில் பணம் வராதபோதுதான் விஷயமே தெரியும்.

போலிச் செயலியில் பணத்தை இழந்தவர்கள் புகார் சொல்லத் தேசிய சைபர் கிரைம் உதவி எண் 1930.