நியூட்ரானுக்கு ஒரு கன்கரன்ட் ஆடிட்டர்

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூடியபோது பேச்சு என் பெண் பக்கம் திரும்பியது. எம்.எஸ்ஸி. பௌதிகம், கடைசி வருஷம். "ப்ராஜெக்ட் என்னம்மா பண்றே?" என்றார் பக்கத்து ஃபிளாட் மாமா.

"நியூட்ரான் பீம் மானிட்டர், மாமா. சிலிக்கான் டிடெக்டர் வச்சு."

மாமா கொஞ்சம் யோசித்தார். "மானிட்டர்னா வாட்ச்மேன் வேலை மாதிரியா? கண்டுபிடிக்கிறதெல்லாம் வேற யாரோ பண்ணுவா?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் கேட்டது என் மனசில் இருந்த கேள்விதான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐ.டி. கம்பெனி வேலை ஒன்று கையில் இருக்கிறது. இவள் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். அதுவும் எண்ணிக் கணக்குப் பார்க்கிற கருவியில்!

நான் கும்பகோணத்தில் பி.காம். படித்தவன். பள்ளிக்கூடத்தில் பௌதிகத்தில் வாங்கிய மார்க்கைச் சொன்னால் என் மேல் இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். ஆகவே இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளிடமே பாடம் கேட்டேன். பாங்க் பாஷையில் சொன்னால்தான் எனக்கு ஏறும் என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டேன்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் சிலிக்கான் சில்லு வழியாகப் போனாலும் பெரும்பாலும் சுவடே தெரியாது. எண்ட்ரி போடாமல் கைமாறுகிற பணம் மாதிரி. அதை வரவில் கொண்டுவர ஒரு வழி, நடுவில் லித்தியம்-6 பூசிய ஒரு மெல்லிய தாளை வைப்பது. நியூட்ரானை விழுங்கிய லித்தியம் அணு இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு ஆல்ஃபா, இன்னொன்று டிரைட்டான். மெதுவான நியூட்ரான் என்றால் ஆல்ஃபாவுக்கு 2.05 மெகா எலக்ட்ரான் வோல்ட், டிரைட்டானுக்கு 2.73. இரண்டுக்கும் மின்னூட்டம் உண்டு. சிலிக்கானில் ஒரு ஜோடி மின்சுமையை உண்டாக்கச் சராசரியாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஒரு டிரைட்டான் முழுதாக உள்ளே நின்றால் சுமார் ஏழரை லட்சம் ஜோடி. ஆம்ப்ளிஃபயரில் சுத்தமாகத் தெரிகிற ஒரு துடிப்பு.

இதுவரை எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த விஷயம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் 2001 முதல் நடக்கிற என்-டாஃப் என்ற நியூட்ரான் கூடம் இருக்கிறது. புரோட்டான் கொத்து ஒன்று ஈயக் கட்டியில் மோத, தெறிக்கும் நியூட்ரான்கள் நீண்ட குழாயில் 185 மீட்டர் போகின்றன. கிளம்பிய நேரம், வந்த நேரம் இரண்டும் தெரிந்தால் வேகம் தெரியும், வேகம் தெரிந்தால் ஆற்றல் தெரியும். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் அந்தத் தூரத்தைச் சுமார் 13 மைக்ரோசெகண்டில் கடந்துவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் மந்தமான நியூட்ரானுக்கு 84 மில்லிசெகண்ட் ஆகும். (எங்கள் கிளைக்கு வரும் தபாலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.)

அந்தக் கற்றையின் பாதையில் லித்தியம் பூசிய மைலார் தாள் மட்டும்தான் நிற்கிறது. சிலிக்கான் டிடெக்டர்கள் நாலும் கற்றைக்கு வெளியே, ஓரமாக உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தாள் அத்தனை மெல்லிசு என்பதால் பெரும்பாலான நியூட்ரான்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி தாண்டிப் போய், அசல் சோதனைக்குப் போய்ச் சேர்கின்றன. சிலிக்கானையே நடுவில் வைத்தால் என்ன என்று கேட்டேன். வேகமான நியூட்ரான்கள் படிகத்தில் இருக்கும் அணுக்களை இடம்பெயர்த்துவிடும், கசிவு மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், போதாக்குறைக்குக் கற்றையும் சிதறும் என்றாள்.

கவுண்டர் வேலையைக் கெடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, நடக்க நடக்கவே சரிபார்ப்பதற்கு எங்கள் ஊழியத்தில் கன்கரன்ட் ஆடிட் என்று பெயர்!

இதன் அருமை எனக்குப் பட்டுத் தெரிந்தது. பல வருஷத்துக்கு முன் வேறு மாநிலத்தில் ஒரு கிளையில் இருந்தேன். ஆள் பற்றாக்குறையால் எண்ட்ரி போட்டவரே அதைச் சரிபார்த்து முடித்துக்கொண்டிருந்தார். நானும் கண்டுகொள்ளவில்லை. வருஷக் கடைசியில் கணக்கு இடித்தது. யாரும் திருடவில்லை, ஒரே தப்பு ஏழு மாதமாகத் திரும்பத் திரும்ப ஏறியிருந்தது. மேலதிகாரி என்ற முறையில் மெமோ எனக்கு வந்தது, ஒரு இன்க்ரிமெண்ட் போயிற்று. நான் குமுறிக்கொண்டிருந்தது ரொம்ப நாள் கழித்துத்தான் அடங்கியது.

நியூட்ரான் சோதனையிலும் இதே கதைதான். தோரியம் ஒரு நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அளக்கிறீர்கள் என்று வையுங்கள். (என்-டாஃபில் தோரியம்-232ஐ அளந்திருக்கிறார்கள். நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற அதே தோரியம்தான்.) விழுங்கப்பட்டவை எத்தனை என்பது மேலே. வந்து சேர்ந்தவை எத்தனை என்பது கீழே, வகுக்கும் எண். மேலே இருப்பதை எவ்வளவு பிரமாதமாக அளந்தாலும், கீழே ஐந்து சதவீதம் தப்பு என்றால் விடையிலும் ஏறக்குறைய அவ்வளவு தப்பு. அந்த வகுக்கும் எண்ணைத் தருவதுதான் மானிட்டர். லித்தியம்-6ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அதன் வினை வாய்ப்பு உலகம் ஒப்புக்கொண்ட தர அளவுகளில் ஒன்று, முத்திரை போட்ட எடைக்கல் மாதிரி. ஆனால் தாளில் எத்தனை மைக்ரோகிராம் லித்தியம், சீராகப் படிந்திருக்கிறதா என்பது தெரியாவிட்டால் முத்திரைக்கும் அர்த்தம் இல்லை. என் பெண் மூன்று மாதமாக மல்லுக்கட்டுவது இந்தப் பூச்சோடுதான்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களில் செர்ன் என்றாலே எல்லாருக்கும் தெரிவது 2004ல் அங்கே வைத்த நடராஜர் சிலை. வாட்ஸப்பில் வாரம் ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே செர்னில் சி.எம்.எஸ். கருவிக்குள் சுமார் ஆயிரம் சிலிக்கான் ஸ்ட்ரிப் டிடெக்டர்கள் இந்தியாவிலிருந்து போனவை. பாபா அணு ஆராய்ச்சி மையமும் டெல்லிப் பல்கலைக்கழகமும் முனைந்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்தவை. அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டு நான் பார்த்ததில்லை. சிலை நாம் கொடுத்த பரிசு. சில்லு நாம் கற்றுக்கொண்ட வித்தை. இரண்டாவதைப் பிள்ளைகளிடம் சொல்லாமலே வளர்த்துவிட்டு, "கருவி செய்யற வேலையா?" என்று இளக்காரமாகக் கேட்கிறோம்.

இந்த வித்தைக்குத் தேவையும் இருக்கிறது. நியூட்ரானை எண்ணப் பலகாலம் ஹீலியம்-3 வாயுக் குழாய்தான் ராஜா. அந்த வாயு பெரும்பாலும் அணு ஆயுதங்களுக்காகச் சேர்த்த டிரிட்டியம் சிதைவதிலிருந்து வருவது. எல்லைச் சாவடிகளில் எல்லாம் அமெரிக்கா நியூட்ரான் டிடெக்டர் வைக்க ஆரம்பித்ததும், 2009 வாக்கில் கையிருப்பு வற்றி விலை எகிறியது. அதன்பிறகு லித்தியம், போரான் பூசிய மாற்றுகளுக்கு மவுசு கூடிற்று. ஜப்பானில் 2020ல் போரான்-நியூட்ரான் புற்றுநோய் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தார்கள். அங்கே நோயாளியின் உடம்பில் எத்தனை நியூட்ரான் போயிற்று என்ற கணக்கு, கட்டுரையில் திருத்தம் போட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை. நம் கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் காமினி உலையின் கற்றையில், ராக்கெட்டுக்கான வெடிப் பாகங்களைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். 30 கிலோவாட், குட்டி உலை. எரிபொருள் தோரியத்திலிருந்து வந்த யுரேனியம்-233.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாங்க்காரன் இல்லை. 2023லிருந்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஐ.டி. வேலையில் ஆரம்பத்தில் இதைவிட ரொம்ப அதிகம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஐந்து வருஷம் கழித்து இரண்டுக்கும் நடுவே மலையும் மடுவும்தான். பி.எச்டி. முடித்தால் நிரந்தர வேலை என்று யாரும் எழுதிக்கொடுக்கப் போவதில்லை. ஃபிளாட் கடன் இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி. அவள் அம்மா இதையெல்லாம் சொல்லித்தான் அழுகிறாள், அதில் தப்பே இல்லை. எக்ஸெல்லில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இவள் சம்பளம் இல்லாமலும் கடனை அடைக்கலாம், ஊரில் வீடு கட்டுவதைத் தள்ளிப்போட்டால்.

நேற்று ராத்திரி அந்தத் தாளை அவளிடம் காட்டினேன். கூட்டலை இன்னொரு தடவை அவளே போட்டுப் பார்த்தாள். "நீங்க போட்டதை நீங்களே சரிபார்க்கக் கூடாதுப்பா" என்றாள். 15ஆம் தேதிக்குள் கம்பெனிக்குப் பதில் எழுத வேண்டும். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.