டூட்டி சார்ட்டும் ஓட்டுநரின் உடம்பும்

மாண்புமிகு தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரை ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரின் குழு, 1953-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. பேருந்து ஒன்றுதான். ஓட்டுநர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் மாடிப் பேருந்தில் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் உடனே உயிரைப் பறிப்பது குறைவு.

மோரிஸ் அத்தோடு விடவில்லை. சீருடை அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். இளம் ஓட்டுநர்களின் கால்சட்டைகூட நடத்துநர்களுடையதைவிட இடுப்பில் அகலம்! அப்படியானால் குற்றம் இருக்கையுடையது மட்டும்தானா? விடை தேடி அரசு அலுவலர்களை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் குறைவு என்பது 1973-இல் வெளியானது.

நம் ஓட்டுநருக்கு அந்த ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது?

பக்கத்தில் இன்ஜின் சூடு. சிக்னலுக்குச் சிக்னல் இடது கால் கிளட்ச்சை மிதிக்கிறது. நெரிசலில் ஒரு சிங்கிள், அதாவது ஒரு வழி நடை, தாமதமானால், அடுத்த சிங்கிளுக்கு முன் கிடைக்க வேண்டிய ஓய்வு அதிலேயே கரைந்துவிடும். கடைசி நிறுத்தத்தில் ஒழுங்கான கழிப்பறை இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலைத் தொடவே யோசிப்பார். சாப்பாடு கிடைத்த நேரத்தில், கிடைத்த கடையில்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கனரக வாகன உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றும் கேட்கிறோம். உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. அதைச் சரியாக வைத்திருக்கிற ஏற்பாடுதான் போதவில்லை. முதுகோ இதயமோ கைவிட்ட பிறகு லைட் டூட்டி கேட்டு மனு எழுதுகிறார் தொழிலாளி. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. ஆனால் பல ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநரைப் பேருந்து இழந்துவிடுகிறது.

உடற்பயிற்சியின் அருமை அரசுக்குத் தெரியாததல்ல. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் திறந்ததும், 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வீட்டு வாசலிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்ததும் இந்த அரசு இயந்திரம்தான். அந்தத் திட்டத்தின் ஊழியர்களைப் பணிமனைக்கும் அனுப்பலாம். பரிசோதனை முடிவு சம்பளத்தையோ பதவி உயர்வையோ பாதிக்காது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். இல்லையென்றால் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

இதோடு இன்னும் மூன்று வேண்டும். வண்டி எடுக்கும் முன் கால் மணி நேரம் முதுகு, தோள், கால்களுக்கான பயிற்சி. அதுவும் டூட்டி நேரக் கணக்கில். நெரிசல் நேரத்தை உள்ளபடி கணக்கிட்ட டூட்டி சார்ட். கடைசி நிறுத்தங்களில் தண்ணீரும் கழிப்பறையும். மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டாம். ஒரு பணிமனையில் ஓராண்டு செய்து பாருங்கள். மருத்துவ விடுப்பு, விபத்து, லைட் டூட்டி மனு மூன்றையும் பக்கத்துப் பணிமனையோடு ஒப்பிட்டு, கணக்கைச் சட்டமன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
பேருந்துப் பயணி ஒருவர்